தூங்கி எழும்பிய லெப்டொப்பும் இடாப்பில் விடுபட்ட பெயரும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஒரு லெப்டொப் இருக்கிறவர்கள் கடைசி வரை வாசியுங்கள். ஒரு நாள் பஸ் பயணமும் கொஞ்சக் காசும் மிஞ்சலாம்.

விஷயம் இதுதான். வேலை செய்துகொண்டிருந்த லெப்டொப்பை மூடி வைக்கிறோம். அது தூங்கிவிடுகிறது. திரும்பத் திறந்தால் திரை வருகிறது, கீபோர்ட் வேலை செய்கிறது, வைஃபையும் வந்துவிடுகிறது. கீழே இருக்கிற டச்பேட்டில் விரலை வைத்தால் மட்டும் ஒரு அசைவும் இல்லை. திரையில் இருக்கிற அம்பு விட்ட இடத்திலேயே நிற்கிறது.

எங்கள் ஆசிரியர் அறையில் இது புதிய கதை இல்லை. ஆறு, ஏழு லெப்டொப்கள் அந்த அறைக்கு வந்து போகின்றன. சில பாடசாலையுடையவை. சில டீச்சர்மார் தவணைக் காசில் வாங்கியவை. இன்னும் சில கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற நானாமார் பாவித்துவிட்டு அனுப்பியவை. இவற்றில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு நாள் இப்படிச் செய்திருக்கின்றன. ஆனால் எல்லோரும் அதைத் தனித்தனியாகத்தான் அனுபவிக்கிறோம். "என்ட மெஷின் பழுதாப் போச்சு" என்று ஒருவர் சொல்வார். மற்றவர் "பழசுதானே" என்பார். அதோடு லெப்டொப் பைக்குள் போய்விடும். அடுத்த கிழமை அது வவுனியாவுக்குப் போகும்.

வவுனியாவுக்குப் போவது என்றால் என்னவென்று முல்லைத்தீவுப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முள்ளியவளையில் பஸ் ஏறி, ஏ34 வீதியால் மாங்குளம் வந்து, அங்கிருந்து ஏ9இல் தெற்கே இறங்க வேண்டும். காலையில் போனால் பின்னேரம்தான் வீடு. மெஷினை வைத்துவிட்டு வரச் சொன்னால் இரண்டு பயணம். ஒரு டீச்சருக்கு அது இரண்டு லீவு.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறோம். சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பங்களை ஒன்லைனில் போடுவதற்குக் கடைசி நாள். 11 பிள்ளைகளின் விவரங்கள் மிச்சம். பகல் ஒரு மணியளவில் கரண்ட் போனது. பற்றரியை மிச்சம் பிடிப்போம் என்று லெப்டொப்பை மூடினோம். 2022இல் எல்லோருக்கும் வந்த பழக்கம் அது. அந்த வருடம் மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது பற்றரியில் இருக்கிற ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. மூடி வைத்தால் மிஞ்சும் என்று பழகினோம், இன்றும் அப்படித்தான் செய்கிறோம்.

கரண்ட் வந்தது. திறந்தோம். விண்ணப்பப் படிவம் திரையில் அப்படியே இருந்தது. டச்பேட் செத்துக் கிடந்தது.

அறையில் மவுஸ் இல்லை. பக்கத்துக் கடைகளிலும் இல்லை. ஓஃப் பண்ணிப் போடுவோம் என்றால், நிரப்பிய விவரங்கள் சேமிக்கப்பட்டதா என்று தெரியவில்லை. ஒரு டீச்சர் அழும் நிலைக்கு வந்துவிட்டார். ஏனென்றால் அந்தப் பிள்ளைகளில் இருவர் முதல் தடவை ஏதோ காரணத்தால் தோற்ற முடியாமல் போனவர்கள். அவர்களை வீட்டுக்குப் போய்ப் பேசி, உம்மாமாரைச் சம்மதிக்க வைத்து, திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

எங்களில் ஒருவர் கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் மவுஸ் போதாத கணினி அறையில் பழகியவர். கீபோர்டை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். டேப் விசையை அழுத்தினால் அடுத்த பெட்டிக்குப் போகும். ஷிஃப்டோடு சேர்த்து டேப் அழுத்தினால் முந்திய பெட்டிக்குத் திரும்பும். சதுரத்தில் சரி போட ஸ்பேஸ். பட்டியலில் தெரிவு செய்ய மேல், கீழ் அம்பு விசைகள். பொத்தானை அமுக்க என்டர். ஒருவர் பெயர்ப்பட்டியலை வாசிக்க, ஒருவர் அடிக்க, ஒருவர் பிறந்த திகதிகளைச் சரிபார்க்க, 11 பேரின் விண்ணப்பமும் பின்னேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அன்றைக்கு வேலை முடிந்தது. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியது. காலையில் வேலை செய்த டச்பேட், யாரும் கை வைக்காமல், ஒன்றரை மணித்தியாலத் தூக்கத்தில் எப்படிப் பழுதாகும்? நாங்கள் சில பேர் அதைத் தேடிப் பார்த்தோம், வாசித்தோம், ஆசிரியர் அறையில் இருந்த மெஷின்களிலேயே செய்து பார்த்தோம். கண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் டச்பேட் என்றால் என்ன என்று பார்ப்போம். அந்தச் சதுரத்துக்குக் கீழே நெடுக்கும் குறுக்குமாக மெல்லிய மின்கடத்திக் கோடுகள் வலை போல இருக்கின்றன. எங்கள் உடம்பு மின்னைக் கடத்தும். விரல் கிட்ட வரும்போது அந்த இடத்தில் இருக்கிற மின்கொள்ளளவு கொஞ்சம் மாறும். எந்தக் கோட்டில் எவ்வளவு மாறியது என்பதை வைத்து விரல் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடும். அதனால்தான் பிளாஸ்டிக் பேனா மூடியால் தொட்டால் வேலை செய்யாது. வுழூச் செய்துவிட்டு ஈரம் காயாத கையோடு தொட்டால் அம்பு கண்டபடி பாய்வதும் அதனால்தான். தண்ணீரும் மின்னைக் கடத்துகிறது.

இந்தக் கணக்கைப் போடுவதற்கு டச்பேட்டுக்குள்ளேயே ஒரு சின்னச் சிப் இருக்கிறது. அதுவே ஒரு குட்டிக் கணினி. இதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. லெப்டொப்புக்குள் ஒரு கணினி இல்லை, பல கணினிகள் இருக்கின்றன. பெரியது வகுப்பாசிரியர். டச்பேட், கெமரா, வைஃபை எல்லாம் வகுப்பில் இருக்கிற பிள்ளைகள்.

இந்தத் தொழில்நுட்பம் அவ்வளவு பழையதும் இல்லை. ஜோர்ஜ் கெர்ப்பைட் என்ற அமெரிக்கர் 1980களின் கடைசியில் இதை உருவாக்கினார். 1994இல் ஆப்பிள் கம்பனி தன் பவர்புக் 500 வரிசையில் டச்பேட்டை வைத்து விற்ற பிறகுதான் மற்றக் கம்பனிகளும் அந்த வழிக்கு வந்தன. அதற்கு முன்பு லெப்டொப்களில் ஒரு சின்ன உருண்டையை விரலால் உருட்டினார்கள். டச்பேட் செய்வதில் பெயர் பெற்ற சினப்டிக்ஸ் கம்பனியை 1986இல் தொடங்கிய இருவரில் ஒருவர் ஃபெடரிக்கோ ஃபஜின். 1971இல் வெளிவந்த இன்டெல் 4004 என்ற முதல் வர்த்தக நுண்செயலியை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் அவர். நாங்கள் அலட்சியமாகத் தடவுகிற அந்தச் சதுரத்துக்குப் பின்னால் அப்படிப்பட்ட மூளைகள் இருக்கின்றன.

இனித் தூக்கத்துக்கு வருவோம். லெப்டொப்பை மூடும்போது அது முழுதாக நிற்பதில்லை. செய்துகொண்டிருந்த வேலை நினைவகத்தில் இருக்கும், அதற்கு மட்டும் கொஞ்ச மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். பெரிய செயலியும் திரையும் மற்றப் பாகங்களும் அணைந்துவிடும், அல்லது மிகக் குறைந்த மின்சாரத்தில் கிடக்கும். எந்தப் பாகம் எப்போது தூங்க வேண்டும், எப்போது எழும்ப வேண்டும் என்பதற்கு ஏசிபிஐ என்ற பொது விதிமுறை ஒன்று உண்டு. இன்டெல், மைக்ரோசொஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று கம்பனிகளும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்டது. புதிய மெஷின்கள் பலவற்றில் தூக்கம் இன்னும் வேறு மாதிரி. போனைப் போல அரைத்தூக்கத்தில் கிடக்கும், அடிக்கடி கண் விழித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுக்கும்.

இங்கேதான் பிரச்சினை. எழும்பும் நேரத்தில் பெரிய கணினி ஒவ்வொரு பாகத்தையும் கூப்பிட்டு, "நீ இருக்கிறியா?" என்று கேட்கும். அந்தப் பாகம் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் காலையில் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரித்தான். டச்பேட்டின் சிப் தயாராகக் கொஞ்சம் பிந்தினால், அல்லது கூப்பிட்ட முறை அதற்கு விளங்காவிட்டால், பெயருக்கு நேரே "வரவில்லை" என்று விழுந்துவிடும். அதன் பிறகு விரலை எவ்வளவு தேய்த்தாலும் பலன் இல்லை. பிள்ளை வாசலில் நிற்கிறது. இடாப்பு மூடப்பட்டுவிட்டது.

டச்பேட் பழுதில்லை. பெயர் விடுபட்டிருக்கிறது. திரும்பக் கூப்பிட்டால் போதும்.

இந்த இரண்டையும் பிரித்து அறிய ஒரே ஒரு கேள்வி போதும். ரீஸ்டார்ட் பண்ணினால் டச்பேட் வேலை செய்கிறதா? செய்கிறது, தூங்கி எழும்பினால் மட்டும்தான் நிற்கிறது என்றால், டச்பேட் நல்லாத்தான் இருக்கிறது. அதை மாற்றக் காசு கொடுக்காதீர்கள். ரீஸ்டார்ட் பண்ணியும் ஒருநாளும் வேலை செய்யவில்லை என்றால்தான் உள்ளே வயர் கழன்றதா, பாகம் பழுதா என்று பார்க்க வேண்டும்.

கடைக்குக் கொண்டுபோகும்போதும் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். "டச்பேட் வேலை செய்யுதில்லை" என்று மட்டும் சொன்னால், எந்தக் கடைக்காரரும் டச்பேட்டைத்தான் பார்ப்பார். "ஸ்லீப்பிலிருந்து எழும்பினால் மட்டும் வேலை செய்யுதில்லை, ரீஸ்டார்ட் பண்ணினால் சரிவருது" என்று சொன்னால் அவருக்கும் பாதி வேலை மிச்சம். டொக்டரிடம் "வருத்தம்" என்று மட்டும் சொல்வதற்கும், "சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் வயிற்றின் வலப்பக்கம் நோகுது" என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இனி வீட்டில் செய்யக்கூடியவை. லேசானதிலிருந்து வரிசையாகச் சொல்கிறோம். மவுஸ் இல்லாமலே செய்யலாம். சொல்வது விண்டோஸ் 10, 11 உள்ள மெஷின்களுக்கு.

ஒன்றாவது, முதலில் வேலையைச் சேமியுங்கள். கன்ட்ரோல் விசையோடு எஸ். வினாத்தாளைப் பாமினியில் அடித்தாலும் யுனிகோடில் அடித்தாலும் இதுதான் முதல் கடமை. கேப்ஸ் லொக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதுவும் அசையாவிட்டால் முழு மெஷினும் இறுகிவிட்டது. அது வேறு கதை.

இரண்டாவது, யாராவது டச்பேட்டை நிறுத்திவிட்டார்களா என்று பாருங்கள். கீபோர்டின் மேல் வரிசையில் ஒரு விசையில் டச்பேட் படம் இருக்கும். எஃப்என் விசையோடு சேர்த்து அதை அழுத்தினால் டச்பேட் நிற்கும், திரும்ப அழுத்தினால் வரும். பைக்குள் வைக்கும்போது, சின்னப் பிள்ளைகள் விளையாடும்போது தெரியாமல் அழுத்துப்பட்டுவிடும். சில மெஷின்களில் டச்பேட்டின் இடது மேல் மூலையில் ஒரு புள்ளி இருக்கும். அதை இரண்டு தரம் தட்ட வேண்டும். இன்னொன்று, வயர் இல்லாத மவுஸின் குட்டி ரிசீவர் யூஎஸ்பி துளையில் கிடக்கிறதா என்று பாருங்கள். மவுஸ் இருந்தால் டச்பேட் தேவையில்லை என்று செட்டிங்ஸில் போட்டிருந்தால், மவுஸ் வீட்டில் இருந்தாலும் அந்த ரிசீவரே டச்பேட்டை நிறுத்தி வைக்கும். கழற்றிப் பாருங்கள்.

மூன்றாவது, திரும்ப ஒருமுறை தூங்க வையுங்கள். மூடி, பத்துப் பதினைந்து செக்கன் பொறுத்து, திறவுங்கள். இடாப்பு இரண்டாம் முறை கூப்பிடப்படுகிறது. எங்கள் அறையில் இருந்த மெஷின்களில் இதிலேயே பல தடவை சரிவந்தது.

நான்காவது, ரீஸ்டார்ட். விண்டோஸ் விசையையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். பிறகு யூ, பிறகு ஆர். மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். இந்த இடத்தை எல்லோரும் கவனியுங்கள். ஷட் டவுன் பண்ணிவிட்டுத் திரும்பப் போடுவதும் ரீஸ்டார்ட்டும் ஒன்று என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒன்றில்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் பண்ணும்போது விண்டோஸ் தன் உள்நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுப் போகும். காலையில் போடும்போது அதையே எடுத்துக்கொண்டு சீக்கிரம் எழும்பும். அதாவது புதிதாக இடாப்புக் கூப்பிடாமல் நேற்றைய இடாப்பைப் போட்டோகொப்பி எடுத்துவிடுகிறது. நேற்று "வரவில்லை" என்று இருந்தவர் இன்றும் "வரவில்லை". ரீஸ்டார்ட் மட்டும்தான் புதிய பக்கம் திறந்து எல்லோரையும் முதலிலிருந்து கூப்பிடும். "மூன்று தரம் ஓஃப் பண்ணிப் போட்டும் சரிவரேல்ல" என்று சொல்கிறவர்களின் பாதிக் கதை இதுதான்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடவும் முடியும். கன்ட்ரோல் பெனலில் பவர் ஒப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தெரிவுசெய்யும் இடம். மேலே மங்கலாக இருப்பவற்றை மாற்ற அனுமதி கேட்கும் வரியை முதலில் அழுத்துங்கள். பிறகு கீழே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கு நேரே இருக்கிற சரியை எடுத்துவிடுங்கள். மெஷின் எழும்பக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும். பரவாயில்லை.

ஐந்தாவது, அந்த ஒரு பிள்ளையின் பெயரை மட்டும் திரும்பக் கூப்பிடுவது. விண்டோஸ் விசையும் எக்ஸும், பிறகு எம். டிவைஸ் மெனேஜர் திறக்கும். டேப்பும் அம்பு விசைகளும் கொண்டு இறங்கிப் போங்கள். வலது அம்பு ஒரு தலைப்பைத் திறக்கும். மைஸ் என்ற தலைப்புக்குக் கீழேயோ, ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ் என்ற தலைப்புக்குக் கீழேயோ டச்பேட் இருக்கும். புதிய மெஷின்களில் ஐ2சி எச்ஐடி டிவைஸ் என்றும் ஒரு வரி இருக்கும். டச்பேட் பேசுகிற பாதை அது. பக்கத்தில் மஞ்சள் அடையாளம் தெரிந்தால், "வரவில்லை" என்று விழுந்தது இதற்குத்தான். ஷிஃப்டோடு எஃப்10 அழுத்தினால் சின்னப் பட்டியல் வரும். அதில் டிசேபிள் கொடுத்து, திரும்ப எனேபிள் கொடுங்கள். கீபோர்டின் வரியில் மட்டும் கை வைக்காதீர்கள். டச்பேட்டும் இல்லாமல் கீபோர்டும் இல்லாமல் நின்றுவிடுவீர்கள்.

ஆறாவது, திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு. அதே வரியில் என்டர் அழுத்தினால் அதன் விவரங்கள் திறக்கும். கன்ட்ரோலோடு டேப் அழுத்திப் பக்கங்களை மாற்றலாம். பவர் மெனேஜ்மென்ட் என்ற பக்கம் இருந்தால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை நிறுத்தக் கணினிக்கு அனுமதி உண்டு என்ற வரியில் இருக்கிற சரியை எடுத்துவிடுங்கள். அந்தப் பிள்ளையை இனி வெளியே அனுப்பாதே என்று சொல்வதுதான் இது. எல்லா மெஷின்களிலும் இந்தப் பக்கம் இருக்காது. இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஏழாவது, ட்ரைவர். டச்பேட்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் மொழிபெயர்க்கிற மென்பொருள்தான் ட்ரைவர். வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின்களில் யாரோ புதிதாக விண்டோஸ் போட்டு அனுப்பியிருப்பார்கள். பொதுவான ட்ரைவர் ஒன்று ஏறியிருக்கும். அது நடக்கும், ஆனால் தூக்கத்திலிருந்து எழுப்புகிற முறை அதற்குச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம். மெஷினின் அடியில் ஒட்டியிருக்கிற மொடல் இலக்கத்தைப் பார்த்து, அதைச் செய்த கம்பனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் ட்ரைவரை இறக்குங்கள். எல்லா ட்ரைவரையும் இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று விளம்பரம் வரும் தளங்களின் பக்கம் போக வேண்டாம். ஒன்றைச் சரிசெய்யப் போய் ஒன்பதை ஏற்றிவிடும்.

பயோஸ் அப்டேட் பண்ணினால் சரிவரும் என்றும் சிலர் சொல்வார்கள். சில மெஷின்களில் அது உண்மை. ஆனால் அது நடக்கும்போது கரண்ட் போய், பற்றரியும் பலவீனமாக இருந்தால் மெஷின் எழும்பாமலே போகலாம். எங்கள் பக்கத்து மழைக்காலத்தில் அந்த வேலையை வீட்டில் வைத்துச் செய்யாதீர்கள். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இவ்வளவும் செய்தும் வராவிட்டால் மெஷினைத் தூங்க விடாமல் பாவியுங்கள். மூடினால் ஸ்லீப் என்று இருப்பதை ஹைபர்னேட் என்றோ ஷட் டவுன் என்றோ மாற்றலாம். அதே பவர் ஒப்ஷன்ஸில் இருக்கிறது. ஹைபர்னேட்டில் வேலை டிஸ்கில் எழுதப்படும், மின்சாரம் முழுதாக நிற்கும், பற்றரியும் இறங்காது. மின்வெட்டு நேரத்துக்கு உண்மையில் அதுதான் நல்லது.

இரண்டு விஷயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். சார்ஜர் குத்தியிருக்கும்போது மட்டும் அம்பு துள்ளினால் அது தூக்கத்தின் பிரச்சினை இல்லை. எர்த் இல்லாத இரண்டு முனை அடப்டரில் சார்ஜரைக் குத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மற்றது ஆபத்தானது. டச்பேட் ஒரு பக்கம் மேலே தள்ளியிருந்தால், அமுக்க இறுக்கமாக இருந்தால், லெப்டொப்பின் அடிப்பக்கம் வீங்கியிருந்தால், பற்றரி வீங்குகிறது என்று அர்த்தம். டச்பேட்டுக்கு நேர் கீழேதான் பெரும்பாலும் பற்றரி இருக்கும். உடனே சார்ஜரைக் கழற்றுங்கள், ஓஃப் பண்ணுங்கள். அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். அந்த மெஷினை மட்டும் எவ்வளவு தூரம் என்றாலும் கடைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறோம் என்று கேட்பீர்கள்.

ஒவ்வொரு வருடமும் பாடசாலைகளில் பொருட்கணக்கெடுப்பு நடக்கும். இடாப்பில் இருக்கிற கதிரை, மேசை, கணினி எல்லாவற்றையும் எண்ணி, உடைந்தவற்றைப் பாவனைக்குதவாதவை என்று தனியாக எழுதுவார்கள். அப்படி எழுதிவிட்டால் அந்தப் பொருளுக்குத் திரும்பி வரும் வழி இல்லை. எங்கள் அலுமாரியின் கீழ்த்தட்டில் பழுது என்று தாள் ஒட்டிய இரண்டு லெப்டொப்கள் கிடந்தன. எடுத்துப் பார்த்தோம். ஒன்று உண்மையாகவே போய்விட்டது, திரை உடைந்திருந்தது. மற்றது ரீஸ்டார்ட் பண்ணியதும் வந்தது. பழைய ட்ரைவர், தூங்கினால் எழும்பாத டச்பேட், அவ்வளவுதான். யாரோ ஒரு பிள்ளைக்குப் பயன்படும் என்று நினைத்து அனுப்பிய மெஷின் அது. எவ்வளவு காலம் அந்தத் தட்டில் கிடந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஏனென்றால் அந்தத் தாளை ஒட்டியவர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்துப் பெரிய சிக்கலே அதுதான். வன்னிப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்கள் வருவார்கள், சில வருடம் இருப்பார்கள், போவார்கள். ஒருவர் கெட்டிக்காரராக இருந்து எல்லா மெஷினையும் பார்த்துக்கொள்வார். அவர் போனதும் அந்த அறிவும் பஸ் ஏறிவிடும். பிறகு சின்னப் பிழைக்கும் பெரிய தாள் ஒட்டப்படும்.

யுத்த காலத்தில் வன்னிக்குள் இருந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கரண்ட் இல்லாத அந்த வருடங்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். பெற்றோலுக்குத் தட்டுப்பாடு என்றதும், கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். அதை யாரும் வகுப்பு வைத்துப் படிப்பிக்கவில்லை. ஒருவர் செய்தார், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார், அடுத்த ஊருக்குப் போனது. புத்தளம் பக்கம் முகாம்களில் எங்கள் வாப்பாமார் பழைய தகரத்தையும் கிடுகையும் வைத்து வீடு கட்டிய அறிவும் அப்படிப் பரவியதுதான். எந்தப் பொருளையும் பாவனைக்குதவாதது என்று சீக்கிரம் எழுதாத சனம் நாங்கள். லெப்டொப் என்று வந்ததும் மட்டும் ஏன் பயப்பட வேண்டும்?

அதனால் ஒரு சின்ன வேலை செய்திருக்கிறோம். மேலே சொன்ன படிகளை ஒரு தடித்த அட்டையில், கை எழுத்தில், தமிழில் எழுதி ஆசிரியர் அறைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறோம். கீபோர்டால் வேலை செய்யும் விசைகளும் அதில் இருக்கின்றன. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இருவர் அதைப் பார்த்துப் பழகி, இப்போது எங்களைவிட வேகமாகச் செய்கிறார்கள். தரம் 10 பிள்ளைகளுக்குத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் மவுஸைக் கழற்றிவைத்துவிட்டு ஒரு பாடவேளை முழுக்கக் கீபோர்டிலேயே வேலை செய்ய வைக்கிறோம். முதலில் முறைப்பட்டார்கள். இப்போது போட்டி போடுகிறார்கள்.

எங்களில் யார் எப்போது இடமாற்றம் பெற்றுப் போனாலும் அந்த அட்டை சுவரில் இருக்கும், இன்ஷா அல்லாஹ். மற்றப் பாடசாலைகளும் எழுதி எடுத்துக்கொள்ளலாம். அதற்கு எங்கள் பெயரும் தேவையில்லை.

சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு பாடசாலை கணினி அறை திறந்திருக்கும். வீட்டில் பழுது என்று மூடி வைத்த லெப்டொப் இருந்தால், சார்ஜரோடு கொண்டு வாருங்கள். எந்தச் சமூகத்துப் பிள்ளை என்றாலும் வரலாம், காசு இல்லை. சரிவராதவற்றையும் மறைக்காமல் சொல்லுவோம், எதைச் சொல்லிக் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டும் என்றும் எழுதித் தருவோம்.

வருவதற்கு முன்பு வீட்டில் ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். ஷட் டவுன் இல்லை, ரீஸ்டார்ட். சரிவந்துவிட்டால் வர வேண்டியதே இல்லை. அந்தச் சனிக்கிழமையைப் பிள்ளையோடு உட்கார்ந்து படிப்பிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.